ஆங்கிலத்தின் பழைய 'நீ': 'தௌ' என்ற சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டி, ஹெச், ஓ, யூ. நாலே எழுத்து. கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்தவர்கள், ஆங்கில ஆராதனைக்குப் போகிறவர்கள், பழைய கவிதைகளைப் புரட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். பலரும் இதை ஏதோ உயர்ந்த, பயபக்தியான சொல் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணத்தோடு படித்தால் பழைய ஆங்கில நாடகங்களில் பாதிச் சண்டையும் பாதிக் காதலும் கண்ணில் படாமலே போய்விடும். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அதுதான்.

'தௌ' என்றால் என்ன? எப்படி உச்சரிப்பது?

'நீ' என்று பொருள். ஒரே ஒரு ஆளைப் பார்த்துச் சொல்வது. முதல் ஒலி 'திஸ்', 'தட்' போன்ற ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் வரும் மெல்லிய ஒலி. மீதி, பசுவைக் குறிக்கும் 'கௌ' போல, 'இப்போது' என்று பொருள்படும் 'நௌ' போல. எழுத்தைப் பார்த்து 'தோ' என்று வாசிப்பவர்கள் உண்டு. அது 'இருந்தாலும்' என்று பொருள் தரும் வேறொரு சொல்.

'யூ'வை விட 'தௌ' மரியாதையான சொல்தானே?

இல்லை. நேர் எதிர். வழக்கில் இருந்த காலத்தில் 'தௌ' என்பது நம் 'நீ', 'யூ' என்பது நம் 'நீங்கள்'. அப்பா பிள்ளையை 'தௌ' என்பார். பிள்ளை அப்பாவை 'யூ' என்பான். எஜமான் வேலைக்காரனை 'தௌ' என்பார். வேலைக்காரன் திருப்பி அப்படிச் சொன்னால் தொலைந்தான். நெருங்கிய நண்பர்கள், காதலர்கள் தனியாக இருக்கும்போது 'தௌ' என்பார்கள். தெருச்சண்டையில் எதிராளியை மட்டம் தட்டவும் அதே 'தௌ'தான். அன்புக்கும் அவமதிப்புக்கும் ஒரே சொல். தமிழ் பேசுகிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். 'நீ' என்பதை அம்மாவிடமும் சொல்கிறோம், சட்டையைப் பிடித்துக்கொண்டும் சொல்கிறோம்.

இன்றைய ஆங்கிலேயரைவிட ஒரு தமிழ் வாசகருக்கு இந்த விஷயம் சீக்கிரம் பிடிபடும் என்பது என் எண்ணம். அவர்கள் மொழியில் அந்த வேறுபாடு மறைந்து முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது. நமக்கு அது தினசரிப் பேச்சு.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழைய சொல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது 'தூ' என்று ஒலித்தது. வீட்டைக் குறித்த 'ஹூஸ்' பின்னாளில் 'ஹௌஸ்' ஆனதும், எலியைக் குறித்த 'மூஸ்' பின்னாளில் 'மௌஸ்' ஆனதும் எப்படியோ, அப்படியே 'தூ' 'தௌ' ஆனது. 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி நெடில் உயிரொலிகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக இடம் மாறின. அந்த அலையில் இதுவும் மாறியது. இங்கிலாந்தின் வடக்கே சில வட்டாரங்களில் அந்த மாற்றம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அங்கே பழைய 'தூ'வே தங்கிவிட்டது.

உறவுக்காரர்களைப் பார்த்தால் பெரிய குடும்பம். ஜெர்மனில் 'டூ', லத்தீனிலும் பிரெஞ்சிலும் 'தூ', பாரசீகத்தில் 'தோ', சமஸ்கிருதத்தில் 'த்வம்', இந்தியில் 'தூ'. எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. இந்திப் படத்தில் காதலன் 'தூ' என்று பாடும்போதும், ரோமியோ 'தௌ' என்று உருகும்போதும் வருவது ஒரே பழைய சொல்லின் இரண்டு வடிவங்கள். நம் 'நீ' இந்தக் குடும்பத்தில் சேராது. அது திராவிட மொழிகளின் சொத்து: மலையாளத்தில் 'நீ', கன்னடத்தில் 'நீனு', தெலுங்கில் 'நீவு', 'நுவ்வு'.

இன்னொரு சுவையான செய்தி. பழைய ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை தவிர இருமையும் இருந்தது. ஒருவரைப் பார்த்து 'தூ', பலரைப் பார்த்து 'யே', சரியாக இரண்டு பேரைப் பார்த்து 'யித்'. 'நீங்கள் இரண்டு பேரும்' என்பதற்கு ஒற்றைச் சொல். சமஸ்கிருதத்தில் இருக்கும் இருமை போலத்தான். 13-ஆம் நூற்றாண்டு வாக்கில் அது அடியோடு போய்விட்டது.

'தௌ', 'தீ', 'தை', 'தைன்' என்று நாலு வடிவம் வருகிறதே, எது எங்கே வரும்?

'தௌ' என்பது நீ. 'தீ' என்பது உன்னை, உனக்கு. 'தை' என்பது உன், 'தைன்' என்பது உன்னுடையது. 'என்' என்ற 'மை', 'என்னுடையது' என்ற 'மைன்' நமக்குத் தெரியும். 'தை', 'தைன்' அதே அச்சு. ஒரே ஒரு கூடுதல் விதி: அடுத்து வரும் சொல் உயிரொலியில் தொடங்கினால் 'தை' என்பதற்குப் பதில் 'தைன்' வரலாம். உன் கண்கள் என்பதற்கு 'தைன் ஐஸ்' என்று எழுதுவது அதனால்தான்.

கல்யாண வாக்குறுதியில் 'வித் திஸ் ரிங் ஐ தீ வெட்' என்று வரும். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549-ஆம் ஆண்டு ஜெப நூலிலேயே இருக்கும் வரி. இந்த மோதிரத்தால் உன்னை மணக்கிறேன். அந்த இடத்தில் 'தௌ' வரவே வராது. மணக்கிறவர் நான், மணக்கப்படுகிறவர் நீ, அதனால் 'தீ'.

வினைச்சொல்லும் மாறுமா?

மாறும். 'தௌ' வந்தால் வினைமுற்றின் வாலில் 'எஸ்ட்' அல்லது 'ஸ்ட்' ஒட்டும். நீ வருகிறாய், 'தௌ கமெஸ்ட்'. நீ அறிவாய், 'தௌ நோவெஸ்ட்'. அடிக்கடி வரும் சில துணைவினைகள் சுருங்கிவிடும்: 'தௌ ஆர்ட்', 'தௌ ஹாஸ்ட்', 'தௌ டஸ்ட்', 'தௌ ஷால்ட்', 'தௌ வில்ட்'.

பலர் தடுக்கி விழும் இடம் 'எத்' என்ற விகுதி. 'கமெத்', 'நோவெத்' என்பவை அவன், அவள், அது என்ற படர்க்கைக்கு உரியவை. 'ஹீ கமெத்' என்றால் அவன் வருகிறான். 'தௌ கமெத்' என்று எழுதுவது 'நீ வருகிறான்' என்று எழுதுவதற்குச் சமம். பழைய வாசனை வரட்டும் என்று விளம்பரங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் இப்படிக் கலந்து அடிப்பதை நிறையப் பார்க்கலாம்.

பன்மையாக இருந்த 'யூ' எப்படி மரியாதைச் சொல் ஆனது?

தமிழில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத் தமிழில் 'நீ' ஒருமை. 'நீர்', 'நீயிர்' பன்மை. பின்னர் 'நீர்' ஒரே ஆளை மரியாதையாகச் சொல்லும் சொல் ஆயிற்று. பன்மைக்கு 'கள்' சேர்த்து 'நீங்கள்' வந்தது. அந்த 'நீங்களும்' இன்று ஒற்றை ஆளுக்கான மரியாதைச் சொல். ஒருவரைப் பலராகப் பாவித்துப் பேசுவது பெருமைப்படுத்துவது என்ற எண்ணம் உலகில் பல மொழிகளில் தனித்தனியாகவே தோன்றியிருக்கிறது.

ஆங்கிலத்தில் இதற்குத் தூண்டுதலாக இருந்தது பிரெஞ்சு. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவை, நீதிமன்றம், பிரபுக்களின் வீடு எங்கும் பிரெஞ்சுதான். பிரெஞ்சில் 'தூ' என்றால் நீ, 'வூ' என்றால் நீங்கள். மேல்தட்டின் இந்தப் பழக்கம் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து மெல்ல ஆங்கிலத்துக்குள்ளும் இறங்கியது. முதலில் ராஜாவுக்கும் பிரபுவுக்கும் 'யூ', பிறகு பணக்காரருக்கு, அப்புறம் வயதில் மூத்தவருக்கு, கடைசியில் முன்பின் தெரியாத யாருக்கும்.

அன்று இன்னொரு நுணுக்கமும் இருந்தது. 'நீங்கள்' என்பதற்கு 'யீ', 'உங்களை' என்பதற்கு 'யூ'. 16-ஆம் நூற்றாண்டில் இந்த வேறுபாடு குழம்பி, 'யூ'வே இரண்டு வேலையையும் எடுத்துக்கொண்டது.

மொழியியலில் இந்த 'நீ–நீங்கள்' விவகாரத்துக்கு 'டி–வி வேறுபாடு' என்று பெயர், லத்தீனின் 'தூ', 'வோஸ்' என்ற சொற்களின் முதல் எழுத்துகளைக் கொண்டு. 1960-இல் ரோஜர் பிரௌன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரண்டு அறிஞர்கள் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரப்பியது. ஒருவரை எப்படி விளிக்கிறோம் என்பதை இரண்டு விசைகள் முடிவு செய்கின்றன என்றார்கள்: அதிகாரம், நெருக்கம். யாருக்கு யார் மேல் என்பது ஒன்று. யாருக்கு யார் வேண்டியவர் என்பது மற்றொன்று.

ஷேக்ஸ்பியர் ஒரே காட்சியில் 'தௌ', 'யூ' இரண்டையும் கலந்து எழுதுகிறாரே, கவனக்குறைவா?

எல்லா இடத்திலும் அர்த்தம் தேட வேண்டியதில்லை. அவர் காலத்தில் பேச்சிலேயே இரண்டும் கலந்து கிடந்தன. சில இடங்களில் காரணம் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு பாத்திரம் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் அங்கே நிறுத்திப் படியுங்கள். பெரும்பாலும் ஏதோ நடந்திருக்கும்.

'ஹாம்லெட்' நாடகத்தின் மூன்றாம் அங்கம், நாலாம் காட்சி. கணவன் இறந்த கொஞ்ச நாளிலேயே அவன் தம்பியை மணந்துகொண்டவள் ராணி. மகனைக் கண்டிக்கத் தன் அறைக்கு வரச் சொல்கிறாள். வந்தவனிடம் சொல்கிறாள்: 'ஹாம்லெட், தௌ ஹாஸ்ட் தை ஃபாதர் மச் அஃபெண்டட்.' ஹாம்லெட், நீ உன் அப்பாவை ரொம்ப நோகடித்துவிட்டாய். அப்பா என்று அவள் சொல்வது இரண்டாம் கணவனை. அம்மா பிள்ளையிடம் பேசுவது, 'தௌ' இயல்பு.

அவன் பதில்: 'மதர், யூ ஹாவ் மை ஃபாதர் மச் அஃபெண்டட்.' அம்மா, நீங்கள் என் அப்பாவை ரொம்ப நோகடித்துவிட்டீர்கள். அவன் சொல்லும் அப்பா செத்துப்போன நிஜ அப்பா. அவள் வாக்கியத்தையே எடுத்து, இரண்டு மூன்று சொற்களை மட்டும் மாற்றித் திருப்பி அடிக்கிறான். தாய்க்கு மகன் 'யூ' என்பது மரியாதைப்படி சரிதான். இந்த இடத்தில் அந்த மரியாதையே கத்தியாக இருக்கிறது.

அடுத்த வரியைப் பாருங்கள். ராணி சொல்கிறாள்: 'கம், கம், யூ ஆன்ஸர் வித் அன் ஐடில் டங்.' அதிகப்பிரசங்கமாகப் பதில் சொல்கிறாய் என்று கடிகிறாள். ஒரு மூச்சுக்கு முன்னால் 'தௌ' என்றவள் இப்போது 'யூ'வுக்குப் போய்விட்டாள். வீட்டில் கோபம் வந்தால் பிள்ளையைப் பார்த்து 'நீங்க பெரிய மனுஷன், சொல்லுங்க' என்கிற அம்மாவின் குரல் அது. அவள் முகம் மாறியது மேடைக் குறிப்பில் எழுதப்படவில்லை. அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'தௌ'வை வெறும் பழைய நடை என்று தாண்டிப் போகிறவர் இதை இழக்கிறார்.

'கிங் லியர்' நாடகத்தின் முதல் காட்சியில் கென்ட் பிரபு ராஜாவிடம் முதலில் முறைப்படிதான் பேசுகிறார். ராஜா கடைசி மகளைத் துரத்தும் அநியாயத்தைப் பொறுக்க முடியாத கட்டத்தில் அவர் வாயில் வருவது 'தௌ'. கூடவே 'ஓல்ட் மேன்'. கிழவா, என்ன செய்யப் போகிறாய் நீ. அன்றைய பார்வையாளர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும்.

'தௌ' என்று சொன்னதற்காகச் சண்டை வந்ததுண்டா?

சண்டையை வளர்க்கவே அதைப் பயன்படுத்தினார்கள். 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் ஒருவனைச் சண்டைக்கு இழுக்கக் கடிதம் எழுதுகிறான் சர் ஆண்ட்ரூ. கூட இருக்கும் சர் டோபி ஆலோசனை சொல்கிறார்: ஒரு மூன்று தடவை அவனை 'தௌ' போட்டு எழுது, தப்பில்லை. அந்த இடத்தில் 'தௌ' என்பதையே வினைச்சொல்லாக்கியிருக்கிறார் ஷேக்ஸ்பியர். 'ஒருமையில் பேசினான்' என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பொருள்.

அந்த நாடகம் 1602 பிப்ரவரியில் லண்டனில் வழக்கறிஞர்கள் கூடும் மிடில் டெம்பிள் மண்டபத்தில் நடந்தது. அடுத்த ஆண்டே ஒரு நிஜ வழக்கில் இந்த 'தௌ' வசவு அரங்கேறியது. 1603 நவம்பரில் சர் வால்டர் ராலே மீது ராஜதுரோகக் குற்றம் சாட்டி விசாரணை. லண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் வின்செஸ்டரில் நடத்தினார்கள். ராலே எலிசபெத் மகாராணியின் அவையில் கொடிகட்டிப் பறந்தவர், கடலோடி, கவிஞர். அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து, 'ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்' என்று கத்தினார். உன்னை 'நீ' என்றுதான் சொல்வேன், துரோகியே. ஆதாரம் பலவீனமாக இருந்த வழக்கு அது. வசவு அந்த இடத்தை நிரப்பியது. ராலேக்கு மரண தண்டனை விதித்தார்கள். அப்போதைக்கு நிறுத்தி வைக்கப்பட்ட அந்தத் தண்டனையை 1618-இல் நிறைவேற்றினார்கள்.

பைபிளில் கடவுளை 'தௌ' என்றுதானே அழைக்கிறார்கள்? அப்படியானால் அது மரியாதைச் சொல்தானே?

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள் 'தௌ', 'யீ' என்ற சொற்களை மரியாதைக்காகப் பயன்படுத்தவே இல்லை. மூலமான எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் ஒருமை என்றால் 'தௌ', பன்மை என்றால் 'யீ' அல்லது 'யூ'. அவ்வளவுதான். 1526-இல் வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தபோது கடைப்பிடித்த முறையை ஒட்டியே இவர்களும் போனார்கள். கடவுளும் 'தௌ', சாத்தானும் 'தௌ', ராஜாவும் 'தௌ', பிச்சைக்காரனும் 'தௌ'. பத்துக் கட்டளைகளில் 'தௌ ஷால்ட் நாட்' என்று கடவுள் மனிதனைச் சொல்வதும் அதே சொல். தமிழில் அது 'கொலை செய்யாதிருப்பாயாக' என்று ஒருமையில் இருக்கிறது.

அதே நூலின் முகப்பில் மொழிபெயர்ப்பாளர்கள் ஜேம்ஸ் மன்னருக்கு எழுதிய சமர்ப்பணம் இருக்கிறது. அதில் மன்னரை 'யுவர் மெஜஸ்டி' என்று விளிக்கிறார்கள். நாலு பக்கம் புரட்டினால் கடவுள் 'தௌ'. மரியாதையாக யாரிடம் பேச வேண்டும் என்பதை அவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். வேதத்துக்குள் அந்தக் கணக்கைக் கொண்டுவரவில்லை.

இந்த ஒருமை–பன்மைக் கறார் பொருளுக்கு எவ்வளவு உதவுகிறது என்பதற்கு ஒரு வசனம். யோவான் 3:7-இல் இயேசு இரவில் தன்னைப் பார்க்க வந்த நிக்கொதேமுவிடம் பேசுகிறார். கிங் ஜேம்ஸ் பைபிளில் ஒரே வாக்கியத்தில் 'தீ' வருகிறது, உடனே 'யீ' வருகிறது. தமிழ்ப் பைபிளில் 'நீங்கள் மறுபடியும் பிறக்கவேண்டும் என்று நான் உனக்குச் சொன்னதைக்குறித்து அதிசயப்படவேண்டாம்.' சொன்னது 'உனக்கு', பிறக்க வேண்டியது 'நீங்கள்' எல்லோரும். லூக்கா 22-இல் சாத்தான் கோதுமையைப் போலப் புடைக்கக் கேட்டது 'உங்களை', அதாவது சீடர்கள் எல்லோரையும்; இயேசு வேண்டிக்கொண்டது சீமோன் என்ற ஒரு சீடரைக் குறித்து 'உனக்காக'. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரண்டுக்கும் 'யூ'தான். 'நீங்கள் எல்லோரும்' என்று கூடுதலாகச் சொன்னால் அல்லது அடிக்குறிப்புப் போட்டால்தான் வாசகருக்குத் தெரியும். தமிழ் வாசகருக்கு அந்தச் சிக்கலே இல்லை.

தமிழ்ப் பைபிளில் கடவுளை 'நீர்' என்கிறோம், ஆங்கிலத்தில் 'தௌ' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

பொருளில் ஒன்றல்ல. 'உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக' என்று தமிழில் ஜெபிக்கிறோம்; 'உம்முடைய' என்பதில் மரியாதை இருக்கிறது. ஆங்கிலத்தில் அது 'தை நேம்', அதாவது 'உன் நாமம்'. அப்பர் 'அப்பன் நீ அம்மை நீ ஐயனும் நீ' என்று பாடியது அந்த ஆங்கில 'தௌ'வுக்கு நெருக்கமானது. கடவுளை 'நீ' என்று கூப்பிடும் உரிமை பக்தி மரபில் நமக்கு நன்றாகப் பழகியது.

பின்னாளில் நடந்தது என்னவென்றால், அன்றாடப் பேச்சில் 'தௌ' மறைந்தது. கோயில் ஆராதனையில் மட்டும் நின்றது. அங்கே மட்டும் கேட்டவர்களுக்கு அது பயபக்தியின் சொல்லாக மாறிவிட்டது. 1952-இல் முழுமையாக வந்த ரிவைஸ்டு ஸ்டாண்டர்ட் பைபிள் மனிதர்கள் எல்லோருக்கும் 'யூ' போட்டு, கடவுளை விளிக்கும் இடங்களில் மட்டும் 'தௌ'வை வைத்துக்கொண்டது. மூலமொழியில் இல்லாத வேறுபாடு இது. 1989-இல் வந்த அதன் புதிய பதிப்பு அதையும் எடுத்துவிட்டது.

குவேக்கர்கள் எல்லோரையும் 'தௌ' என்று அழைத்தார்களாமே?

ஆமாம். இந்தச் சொல்லின் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் இங்கிலாந்தில் தொடங்கிய கிறிஸ்தவ இயக்கம் அது. கடவுளுக்கு முன் எல்லோரும் சமம். அதனால் யாருக்கும் தொப்பியைக் கழற்ற மாட்டோம், யாரையும் 'யூ' என்று பன்மையில் சொல்ல மாட்டோம் என்றார்கள். ஒரே ஒருவரைப் பலர் போலச் சொல்வது பொய், முகஸ்துதி என்பது அவர்கள் வாதம். பணக்காரர், ஏழை, பெரியவர், சிறியவர் என்று பாராமல் எல்லோரையும் 'தௌ' என்று சொல்லும்படி தனக்குக் கட்டளை என்று ஃபாக்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். 1660-இல் அவரும் கூட்டாளிகளும் இதற்கென்றே ஒரு தடித்த நூல் வெளியிட்டார்கள். ஒருமையும் பன்மையும் தனித்தனி என்று காட்டப் பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டு அடுக்கியிருந்தார்கள்.

நீதிபதியைப் பார்த்து 'தௌ' என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் நீதிமன்றத்தில் ஒருவர் நீதிபதியை 'நீ' என்றால் எப்படி இருக்கும்? அடி, அபராதம், சிறை எல்லாம் பார்த்தார்கள். தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் குவேக்கர் ஆன பிறகு சொந்த அப்பாவையே 'தௌ' என்று அழைத்தார். ஒவ்வொரு தடவையும் அப்பா முஷ்டியால் அடித்தார் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இதே எல்வுட்தான் பார்வையிழந்த கவிஞர் மில்டனுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டியவர்.

பிற்காலக் குவேக்கர்கள், குறிப்பாக அமெரிக்காவில், 'தௌ'வைக் கைவிட்டு எழுவாய் இடத்திலும் 'தீ'யையே சொன்னார்கள். 'தீ இஸ்', 'தீ ஹாஸ்' என்று படர்க்கை வினையோடு. இலக்கணப் புத்தகத்துக்கு ஒத்துவராது. குடும்பத்துக்குள் 20-ஆம் நூற்றாண்டு வரை அப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள்.

சரி, இவ்வளவு புழக்கத்தில் இருந்த சொல் ஏன் மறைந்தது?

மரியாதை பெருகியதால் மறைந்தது. எதிரில் இருப்பவர் உயர்ந்தவரா, சமமானவரா என்று சந்தேகம் வந்தால் எதைச் சொல்வீர்கள்? 'நீங்கள்' என்பதே பாதுகாப்பு. லண்டன் போன்ற நகரங்களில் வியாபாரிகள் பணக்காரர்களாகி, யார் எந்த அந்தஸ்து என்று உடையைப் பார்த்துச் சொல்ல முடியாத காலம் அது. தவறாக 'தௌ' சொன்னால் சண்டை. தவறாக 'யூ' சொன்னால் ஒரு நஷ்டமும் இல்லை. 'யூ' பரவப் பரவ, 'தௌ' சொல்வதே வசவு போல ஒலிக்கத் தொடங்கியது. அப்புறம் நெருங்கியவர்களும் அதைத் தவிர்த்தார்கள். 1700 வாக்கில் பொதுவழக்கு ஆங்கிலத்திலிருந்து அது கிட்டத்தட்ட போயே போய்விட்டது. 'தௌ' என்றாலே குவேக்கர் என்று பிறர் நினைத்ததும் ஒரு காரணம் என்பார்கள். எனக்கு அது துணைக் காரணமாகத்தான் படுகிறது. சொல் அதற்கு முன்பே தேய ஆரம்பித்துவிட்டது.

சுவீடனில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே 1960-களின் கடைசியில் 'நீ' என்று பொருள்படும் 'டூ'வையே எல்லோருக்கும் சொல்வது என்று சமூகம் மாறிக்கொண்டது. 1967-இல் அரசின் மருத்துவத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்றே அழைப்பேன் என்று அறிவித்தது இந்த மாற்றத்தின் அடையாளமாகிவிட்டது. ஆங்கிலம் எல்லோரையும் மேலே ஏற்றியது, சுவீடிஷ் எல்லோரையும் பக்கத்தில் உட்கார வைத்தது.

இன்றும் யாராவது பேசுகிறார்களா?

யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் கிராமத்துப் பெரியவர்கள் பேச்சில் 'தா' என்று வரும். 'தௌ'வின் தேய்ந்த வடிவம். ஷெட்லண்ட் தீவுகளில் 'டு' என்பார்கள். பேச்சில் இருக்கும் இடத்தில் பழைய மரியாதைக் கணக்கும் இருக்கிறது. பெரியவர்களை 'தா' போட்டுப் பேசும் பொடியனை, 'என்னை தா என்காதே, உன்னையே அப்படிச் சொல்லிப் பார், எப்படி இருக்கிறது என்று தெரியும்' என்று அதட்டும் ஒரு சொலவடை யார்க்‌ஷயரில் பிரபலம்.

பொது ஆங்கிலத்தில் சில தொடர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன்னைப் பெரிய யோக்கியனாகக் காட்டிக்கொள்பவரை 'ஹோலியர் தன் தௌ' என்பார்கள். கிங் ஜேம்ஸ் பைபிளில் ஏசாயா 65:5-இல் இருந்து வந்தது.

கவிஞர்கள் ஏன் அதற்குப் பிறகும் விடவில்லை?

ஒருமை வேண்டியிருந்தது. வானம்பாடியையும் இறந்துபோன மில்டனையும் பழைய கிரேக்க ஜாடியையும் தனியாக அழைத்துப் பேச ஷெல்லி, வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ் ஆகியோருக்கு 'யூ' போதவில்லை. நம் நாட்டிலிருந்தும் ஒரு எடுத்துக்காட்டு உண்டு. தாகூர் தன் வங்கப் பாடல்களைத் தானே ஆங்கிலமாக்கி 1912-இல் வெளியிட்ட 'கீதாஞ்சலி' 'தௌ ஹாஸ்ட் மேட் மீ எண்ட்லெஸ்' என்று தொடங்குகிறது. வங்காளத்தில் அந்த இடத்தில் இருப்பது 'துமி'. மிக நெருங்கிய 'துய்', மரியாதையான 'ஆப்னி' இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல். அதை 'யூ' என்று எழுதியிருந்தால் அந்த நெருக்கம் வந்திருக்காது. 'தௌ' என்று எழுதியதால் ஆங்கில வாசகர் காதில் கோயில் மணி அடித்தது. இரண்டில் எதுவும் 'துமி' ஆகாது.

தத்துவத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. மார்ட்டின் பூபர் 1923-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலின் தலைப்பு 'இஷ் உண்ட் டூ', நானும் நீயும். வீட்டில் அன்றாடம் புழங்கும் 'நீ'. 1937-இல் ஆங்கிலத்தில் அது 'ஐ அண்ட் தௌ' ஆயிற்று. 1970-இல் மறுபடி மொழிபெயர்த்த வால்டர் காஃப்மன், தலைப்பை விட்டுவிட்டு உள்ளே எல்லா இடத்திலும் 'யூ' போட்டார். காதலர்களும் நண்பர்களும் இன்று யாரும் 'தௌ' என்று பேசுவதில்லை என்பது அவர் காரணம். எனக்கு அவர் சொல்வது சரியென்றே படுகிறது.

கடைப் பலகைகளில் 'யீ ஓல்டு' என்று எழுதுகிறார்களே, அது இந்த 'யீ'யா?

இல்லை. அது 'தி' என்ற சுட்டுச்சொல். பழைய ஆங்கிலத்தில் 'த' ஒலிக்கு 'தோர்ன்' என்று தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது நாளடைவில் 'ஒய்' எழுத்தைப் போலவே ஆகிவிட்டது. அச்சுக்கலை ஐரோப்பாவிலிருந்து வந்தபோது அச்செழுத்துகளில் 'தோர்ன்' இல்லை. ஒய்யைப் போட்டுச் சமாளித்தார்கள். எழுதியது ஒய், வாசித்தது 'தி'. இன்று பலகையைப் பார்த்து 'யீ' என்கிறோம். கிறிஸ்துமஸ் பாட்டில் 'ஓ கம் ஆல் யீ ஃபெய்த்ஃபுல்' என்று வருவதுதான் நிஜமான 'யீ', நீங்கள் எல்லோரும்.

'யூ' ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாகிவிட்டால் குழப்பம் வராதா?

வரும். அதனால் பேச்சுவழக்கில் மக்களே புதுப் பன்மைகளைச் செய்துகொண்டார்கள். அமெரிக்கத் தெற்கில் 'யால்', பிட்ஸ்பர்கில் 'யின்ஸ்', பல ஊர்களில் 'யூஸ்', இன்று எங்கும் 'யூ கைஸ்'. அயர்லாந்தில் பழைய 'யீ'யே பன்மைக்கு நிற்கிறது. நாம் 'நீங்கள் எல்லாரும்', 'நீங்க ரெண்டு பேரும்' என்று சேர்த்துச் சொல்கிறோமே, அதே தேவை.

'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்றால் 'ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்' என்றுதானே பொருள்?

'வேர்' என்ற ஒலி ஏமாற்றுகிறது. 'வேர்ஃபோர்' என்றால் 'ஏன்'. ஜூலியட் அவனைத் தேடவில்லை. அவன் கீழே நிற்பதே அவளுக்குத் தெரியாது. நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய், ஏன் என் குடும்பத்துக்கு ஆகாத வீட்டில் பிறந்தாய் என்று தனக்குள் புலம்புகிறாள். அடுத்த வரியிலேயே, உன் தகப்பனை மறுத்துவிடு, உன் பெயரைத் துறந்துவிடு என்கிறாள். அன்று மாலைதான் பார்த்த ஒருவன். அவனை இருட்டில் தனியாக நினைக்கும்போது வாயில் வருவது 'தௌ'.